பேங்க் வந்து போகட்டும்

“கமலண்ணே, விரிக்காதீங்க! லோரியிலயே இருக்கட்டும்!”

தாமரை வாசலுக்கு ஓடிவருவதற்குள் கமலநாதன் முதல் கூடாரத்தை நிமிர்த்திவிட்டார். ஹாலில் அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நேர் எதிரே, இளஞ்சிவப்புத் துணியும் தங்க ஜாலருமாக ஒரு கல்யாண வாசல் எழுந்து நின்றது. எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் வேலியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டோர்ல இதுதான் மேடம் இருக்கு” என்றார் கமலநாதன். புதுக்கோட்டையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து ஆறு வருடமாக அப்பாவிடம் வேலை செய்கிறவர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “சாவு செட்டு மொத்தமும் ரெங்கசாமி ஸ்டோர்லல்ல கெடக்கு. நீங்கதான அனுப்பச் சொன்னீங்க?”

அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். தாமரைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கிள்ளானில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தாமரையின் அப்பா சபாபதியிடம் சாவு வீட்டுக்குத் தனி செட்டு இருந்தது. வெள்ளைக் கூரை, ஜாலர் கிடையாது, கம்பிகளின் நுனியில் கறுப்புப் பெயிண்ட். நாற்காலிகூடத் தனி, பழைய நீல நிறம். சாவு வீட்டில் நின்ற கம்பி மறுவாரம் கல்யாண வீட்டுக்குப் போகாது, கல்யாணக் கம்பி இங்கே வராது. வாடிக்கையாளர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் இவரைத் தேடி வருவார்கள். சாவு வீட்டு போன் வந்தால் முன்பணமும் கேட்கமாட்டார். “மொதல்ல நெழல போடு, மத்தத அப்பறம் பேசலாம்” என்பார்.

பேங்க் ஆபீசர் ஸ்டோரைப் பார்க்க வருகிறார் என்றதும் தாமரை முதலில் அப்புறப்படுத்தியது அந்த வெள்ளைச் செட்டைத்தான். வெயிலிலும் மழையிலும் நின்று மஞ்சள் அடித்துப்போன துணி, ஒட்டுப் போட்ட கூரை. போட்டோவில் விழுந்தால் கம்பெனியே கிழிந்துபோனதாகத் தெரியும். ரெங்கசாமியின் ஸ்டோருக்கு லோரியில் ஏற்றி அனுப்பும்போது அப்பா பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

“அத ஏம்மா அனுப்புற? திடீர்னு எவனாச்சும் மண்டையப் போட்டா என்ன பண்றது?”

“ரெண்டே நாள்தான்பா. பேங்க் வந்து போகட்டும்.”

ரெங்கசாமி அப்பாவுக்குத் தொழில் எதிரி. ஒருவர் ஆர்டரை மற்றவர் விலை குறைத்துத் தட்டிப் பறிப்பதும், பிறகு ஒரே கடையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பதுமாகப் பல வருடம் ஓடிவிட்டது. தாமரை போன் செய்வதற்கு முன்பே அவர் லோரி தெருமுனையில் திரும்பியது. அவரே ஓட்டிவந்தார். இறங்கி, இளஞ்சிவப்புக் கூடாரத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கறுப்பு நுனிக் கம்பிகளைத் தோளில் ஏற்றினார். அறுபது தாண்டிய மனிதர், நாற்காலி அடுக்குவது வரைக்கும் அவரே செய்தார். ஏதாவது திட்டியிருந்தால் தாமரைக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வெள்ளைக் கூரை நின்ற பிறகுதான் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

ரவாங்கிலிருந்து லோகேஸ்வரி அத்தை வந்து இறங்கியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பாவின் ஒரே தங்கை. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர், பிறர் வைத்துக்கொள்ளவும் விடாதவர். அண்ணன் காலைப் பிடித்து அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டதும் விசாரணை தொடங்கியது.

“ஸ்டோர்ல எங்க விழுந்தாரு?”

“விழல அத்தை. கார்ல உக்காந்திருந்தாரு.”

“லோரியிலயா?”

“என் கார்ல.”

“ஒன் கார்ல எதுக்குலா அண்ணன் உக்காரணும்? எங்க கெளம்புனாரு?”

தாமரை வாயைத் திறந்தாள். கூட்டத்தில் நாலைந்து முகங்கள் அவள் பக்கம் திரும்பின.

“ஏர்கோனுக்குத்தான்” என்றாள் அம்மா தனலெட்சுமி. அவள் அதுவரை அப்பாவின் நெற்றியில் திருநீறு கலையாமல் ஈயை விரட்டிக்கொண்டு குனிந்தே இருந்தாள். இப்போதும் நிமிரவில்லை. “ஸ்டோர்ல அனல் கொதிக்குதுல்ல. ஏர்கோன் போட்டுக்கிட்டு செத்த நேரம் உக்காந்திருப்பாரு. மனுஷன் ஒரு வார்த்த சொல்லல, போய்ட்டாரு.”

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். நல்ல சாவு, நோகாத சாவு என்று யாரோ சொன்னார்கள். அந்த நேரம் முழுக்கக் கார்ச் சாவி தாமரையின் ஜீன்ஸ் பையில் இருந்தது. சாவி இல்லாமல் ஏர்கோன் எப்படி ஓடும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறாள் என்று தாமரை நினைத்தாள். ஒரு வார்த்தை சொல்லாமலா போனார்? சொன்னார். நேற்றுக் காலை, அவளிடம் சொன்னார்.

சபாபதிக்குக் கடன் புதிதல்ல. முதல் கூடாரம், நண்பர்கள் மாதாமாதம் பணம் போட்டு ஆளுக்கொரு முறை எடுத்துக்கொள்ளும் கூட்டுப் பணத்தில் வந்தது. இரண்டாவது, அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனதில் வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பக்கத்து ஊரான மேருவில் கூடாரம் தைக்கிறவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தவணைக்குக் கொடுத்தது. அவர் தொழில் முழுக்க அவர் முகத்தின் மேல்தான் நின்றது.

தாமரை பங்சாரில் கணக்கு வேலையை விட்டுவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் கம்பெனியாகப் பதிந்தாள். ஏர்கோன் வைத்த பெரிய கூடாரம் ஒன்று, புது லோரி இரண்டு இருந்தால் மண்டபக் கல்யாணங்களையே வளைத்துப் போடலாம் என்று கணக்குப் போட்டாள். இரண்டு பேங்குகள் கையை விரித்தன. சபாபதி கையில் வாங்கிய காசைக் கையிலேயே செலவழித்ததால் பேங்க் கணக்கில் அவர் தொழிலே செய்யவில்லை என்பதுபோல் இருந்தது. அடமானம் வைக்கவும் ஒன்றும் இல்லை.

“கையில காசு இருக்குன்னு காட்டுனாத்தான் கடன் குடுப்பானாம்” என்று அப்பா சிரித்தார். “கையில காசு இருந்தா நான் ஏம்மா அவன்கிட்ட போறேன்?”

மூன்றாவது பேங்க் அரசாங்க உத்தரவாதத் திட்டத்தில் தருவதாக ஒப்புக்கொண்டது. இரண்டே நிபந்தனை. ஆபீசர் நேரில் வந்து சரக்கையும் முதலாளியையும் பார்க்கவேண்டும். தொழில் ஒரே மனிதரை நம்பி இருப்பதால் அந்த மனிதர் பேரில் கடனுக்கு இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும். பிள்ளையார் கோயில் திருவிழா ஆர்டரால் ஒருமுறை தள்ளிப்போன வருகை நேற்றுக் காலைக்கு முடிவானது.

நேற்று ஸ்டோருக்குப் போகும் வழியில் அப்பா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“பாப்பா, இங்க ஒரு மாதிரி இறுக்கிப் பிடிக்குதும்மா. கையெல்லாம் கனக்குது.”

“காத்தா இருக்கும்பா. ராத்திரி கடலக் கறி சாப்பிட்டீங்கல்ல?”

“காத்து மாதிரி தெரியல. போற வழியில கிளினிக் இருக்குல்ல, ஒரு எட்டு…”

தாமரை வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். கிளினிக் வலப்பக்கத்தில்தான் இருந்தது. கதவும் திறந்திருந்தது. அவள் குறைத்தாள், பிறகு நிறுத்தாமல் போனாள்.

“அப்பா, இப்ப உள்ள போய் நெஞ்சு வலின்னு சொன்னீங்கன்னா ரெக்கார்ட் ஆயிரும். இன்னிக்குத்தான் இன்சூரன்ஸ் பாரம் சைன் பண்றோம். அப்பறம் அது வேணும், இது வேணும்னு இழுத்தடிப்பாங்க. பேங்க் வந்து போகட்டும். முடிஞ்ச கையோட நானே கூட்டிட்டுப் போறேன்.”

“சரிம்மா” என்றார் அப்பா. உடனே சொன்னார். அந்தச் ‘சரிம்மா’வில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. படித்த பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்று எப்போதும் சொல்கிற அதே சரிம்மா.

வழியில் வாங்கிய ஈனோவைக் கரைத்துக் கொடுத்தாள். குடித்து ஏப்பம் விட்டார். பார்த்தீங்களா, காத்துதான் என்று அவள் சிரித்ததும் அவரும் சிரித்தார்.

ஆபீசர் ஷபானா சின்ன வயசுக்காரி. பேங்க்காரி என்ற மிடுக்கில்லாமல் அக்கா, அங்கிள் என்று பேசினாள். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு நாற்காலி அடுக்கை அப்படியே தூக்கி இடம் மாற்றி, “இன்னும் இருவது வருஷம் தூக்குவேன்மா” என்றார். அவர் காதோரம் வேர்வை ஒழுகியது.

“அங்கிளுக்கு இப்படி வேர்க்குதே அக்கா?”

“ஸ்டோர் சூடு ஷபானா. எப்பவும் இப்படித்தான்” என்றாள் தாமரை.

ஷபானா கமலநாதனோடு பின்பக்கம் போட்டோ எடுக்கப் போனபோது, அப்பா மேஜை முன் உட்கார்ந்து இன்சூரன்ஸ் பாரத்தை நிரப்பினார். மலாயில் எழுதியிருந்ததை அவரே நன்றாகப் படிப்பார். நெஞ்சு வலி உண்டா என்ற கேள்வி வந்ததும் பேனா நின்றது. அவர் தாமரையை நிமிர்ந்து பார்த்தார். அவள் ‘இல்லை’ என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். விரல் காட்டிய இடத்தில் அவர் கோடு போட்டார்.

ஷபானா போன பிறகு தாமரைக்குத் தலைகால் புரியவில்லை. இந்த முறை கிடைத்துவிடும் என்று ஷபானாவின் பேச்சிலேயே தெரிந்தது. கையெழுத்துப் போட்ட தாள்களை ஸ்கேன் செய்து உடனே அனுப்பிவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அப்பா கதவோரம் வந்து நின்றதும், அவளைப் பார்த்துவிட்டு வெளியே போனதும் தெரிந்தது. கடைக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நடுவில் ஒருமுறை கிளினிக் ஞாபகம் வரத்தான் செய்தது. இதை மட்டும் அனுப்பிவிடுவோம் என்று நினைத்தாள். அதற்கப்புறம் இன்னொன்று இருந்தது.

கமலநாதன்தான் பார்த்துவிட்டுக் கத்தினார்.

தகரக் கூரை நிழலில் நின்ற அவளுடைய மைவி காரில், முன் இருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்தார். காற்று வரட்டும் என்று கதவைப் பாதி திறந்து வைத்திருந்தார். இருக்கை பெல்ட் போட்டிருந்தார். போலீஸ் அபராதச் சமன் போடுவான் என்று அவள் நூறு தடவை நச்சரித்தாலும் போடாத மனிதர், அவள் வந்தவுடன் கிளம்பத் தோதாகத் தானே போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

“தாமரை, யாரோ ஒன்னத் தேடி வந்திருக்காங்க” என்று அத்தை தோளைத் தட்டினார்.

வெள்ளைக் கூரையின் கடைசி வரிசையில் ஷபானா நின்றிருந்தாள். பாரத்தில் ஏதோ ஒரு பக்கம் விட்டுப்போனதைக் கேட்க போன் செய்து, கமலநாதன் மூலம் விஷயம் தெரிந்து வந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

“அக்கா, ஃபைல அப்படியே நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க இப்ப எதையும் நெனைக்காதீங்க. தொடர்றதா வேணாமான்னு அப்பறம் சொல்லுங்க, போதும்.”

தாமரை தலையை அசைத்தாள்.

“நேத்து அவருக்கு அவ்ளோ வேர்த்துச்சு. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. இன்னொரு தடவ அழுத்திக் கேட்டிருக்கணும்.”

நீ கேட்டாய், நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணாவது இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் தாமரையின் வாயிலிருந்து வேறுதான் வந்தது.

“ஸ்டோர் சூடு ஷபானா.”

இரண்டாம் முறையும் அதே பொய். தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மதியத்துக்குப் பிறகு பெரியப்பா மகன் யுகேந்திரன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடக்க, அப்பாவைத் தூக்கினார்கள். ரெங்கசாமி ஒரு பக்கம் தோள் கொடுத்தார். வண்டி சிம்பாங் லீமா மயானத்துக்குப் போனது. ஆண்கள் எல்லாரும் போனார்கள். பெண்கள் ஹாலைக் கழுவிவிட்டு ஒவ்வொருவராகத் தலைக்குக் குளிக்கப் போனார்கள். அத்தைதான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கேள்விகளும் அதோடு ஓய்ந்திருந்தன.

மயானத்திலிருந்து முதலில் திரும்பிய கமலநாதன் குளித்துவிட்டு வந்து கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

“மேடம், லோரி உள்ள வரணும். காரக் கொஞ்சம் நவுத்தணும்.”

மைவி இரண்டு வீடு தள்ளி நின்றது. நேற்று யுகேந்திரன்தான் ஓட்டிவந்து விட்டிருந்தான். தாமரை அதன் பக்கமே போகவில்லை. இப்போது சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, உள்ளே உட்காரமுடியாமல் நின்றாள். பக்கத்து முன் இருக்கை கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது. அப்பாவுக்குக் கால் நீளம்.

மறுபக்கக் கதவு திறந்தது. ஈரத் தலையோடு அம்மா ஏறி, அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். அது பின்னால் தள்ளியிருந்ததால் அவள் கால் முன்னால் எட்டாமல் அந்தரத்தில் நின்றது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

தாமரையும் ஏறி உட்கார்ந்தாள். கூடாரக் கம்பிகள் லோரித் தட்டில் விழும் சத்தம் கேட்டது. இனி சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா தன்னை மன்னிக்காமல் போனாலும் சரி, பேசாமலே இருந்தாலும் சரி.

“அம்மா, அப்பா ஏர்கோனுக்கு உக்காரல. சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு. காலையிலயே அவரு எங்கிட்ட நெஞ்சு…”

“தெரியும்.”

தாமரை திரும்பினாள். அம்மா நேரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கார்லேர்ந்து எனக்குப் போன் பண்ணாரு. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பாப்பா சொல்லிருக்கா, கார்ல உக்காந்திருக்கேன்னாரு. ரொம்பப் புழுங்குது, உள்ள போய் அவகிட்ட சாவி வாங்கிட்டு வரவான்னு கேட்டாரு.”

அம்மா இருக்கை பெல்ட்டின் நுனியைப் பிடித்து விரலால் தடவினாள்.

“நான்தான் வேணாம்னேன். அவ பேங்க் வேலையா இருப்பா, சும்மா போய்த் தொல்ல பண்ணாதீங்க, முடிச்சிட்டு வருவான்னேன். சரி தனம், உக்காந்தே இருக்கேன்னாரு.”

அம்மா பெல்ட்டை மெல்ல இழுத்து மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, பூட்டத் தெரியாமல் தடுமாறினாள். தாமரை குனிந்து அதை வாங்கிப் பூட்டினாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டின் மேல் விழுந்து, அங்கேயே இருந்தது.

“மேடம், லோரி நிக்குது” என்று வெளியே கமலநாதன் குரல் கொடுத்தார்.

தாமரை சாவியைத் திருப்பினாள். ஏர்கோனைக் கூட்டி வைத்து, காற்று வரும் வழியை அம்மாவின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது.